நெடுங்கரை நடைவழியைத் திருப்பித் தந்த ஓலை

மழை பொய்யாதிருக்க. மண் வாடாதிருக்க.

நீலவரை நாட்டின் ஏழு குன்றங்களும் மூன்று துறைகளும் உடையவரும், கார்முகில் கொடியை முப்பது மழைக்காலம் தாழாமல் உயர்த்தி நின்றவரும், மாமணிக்கூடல் அரியணையில் வீற்றிருந்து அருள்பவரும் ஆகிய கோப்பெருநங்கையார் விடுக்கும் திருமுகம். நெடுங்கரை ஊர்ச்சபையாரும், அவ்வூரின் குயவரும் நெய்வோரும் பூத்தொடுப்போரும் கீரை விற்போரும் மருத்துவச்சியும், பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளைகளும் கூடியிருந்து கேட்பீர்களாக. நும் ஏரி கரை தளும்புக. நும் களம் நெல்லால் நிறைக. நும் பாதங்கள் முள் அறியாதிருக்க. நாமும் நம் சுற்றமும் நலம். நம் பெருவழி அமைச்சரின் கால்கள் மட்டும் இன்னும் எண்ணெய்ப் பற்றில் இருக்கின்றன.

அமைச்சர் சேந்தன் தத்தனாரின் கால்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீவிர் கண்ணால் கண்டீர். ஆயினும் அவர் மனத்துக்கு என்ன நேர்ந்தது என்பது நுமக்குத் தெரியாது. அதனை அவர் நம் முன்னே நின்று ஒன்றும் ஒளிக்காமல் உரைத்தார். இவ்வோலையின் படிகள் நாட்டின் எல்லா ஊர்ச்சபைகளிலும் வாசிக்கப்படும் ஆதலால், நெடுங்கரை எங்கிருக்கிறது என்றே அறியாதாருக்கும் விளங்கும்படி முதலிலிருந்தே சொல்லுகிறோம்.

நெடுங்கரையிலிருந்து வெள்ளிலைச் சந்தைக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று, தேர்களும் வண்டிகளும் ஓடும் பெருவழி. குன்றைச் சுற்றிக்கொண்டு ஒன்றரைக் காதம். மற்றொன்று, ஏரிக்கரை ஏறி, பனந்துறை ஓடையைக் கடந்து, குறும்பட்டி என்னும் நெசவாளர் குடியிருப்பின் ஊடே செல்லும் நடைவழி, அரைக் காதமே. நடப்போருக்கும், மாடு பூட்டாமல் கையால் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டிகளுக்கும் உரிய வழி அது. அதனைப் பேணப் பன்னிரு காவலரையும், ஆண்டுதோறும் நாற்பது வண்டிக் கல்லையும், நிழலுக்கு வேண்டிய புங்கங்கன்றுகளையும் நம் பாட்டனார் காலம் தொட்டு அரண்மனை அளித்து வந்தது.

சென்ற ஆனித் திங்களில், பெருவழியை அகலமாக்கக் கல்லும் ஆளும் போதவில்லை என்ற முறையீடு எழுந்தது. எங்கிருந்து எடுக்கலாம் என்று தத்தனார் தேடினார். நெடுங்கரை நடைவழியில் யார் போகிறார்கள், எத்தனை பேர் போகிறார்கள் என்று கேட்டார். எண்ணும் கலத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

எண்ணும் கலம் நம் நாட்டு வழக்கம். சுங்கச் சாவடியில் ஒரு மாட்டு வண்டி கடந்தால் ஒரு புளியங்கொட்டை, ஒரு தேர் கடந்தால் ஒரு கழற்சிக்காய் என்று கலத்தில் இடுவார்கள். ஆண்டு முடிவில் கவிழ்த்து எண்ணினால் எவ்வழி எவ்வளவு ஓடியது என்பது தெரிந்துவிடும். தத்தனார் நடைவழியின் கலத்தைக் கவிழ்த்தார். ஒரு கொட்டைகூட விழவில்லை. உள்ளே கைவிட்டும் துழாவினார். ஒரு சிலந்தி ஓடியது. ஒருவரும் செல்லாத வழிக்குப் பன்னிருவர் எதற்கு என்று கேட்டு, காவலரையும் கல்லையும் கன்றையும் பெருவழிக்கு மாற்றி ஓலை எழுதினார். நடப்பவர் சுங்கம் தருவதில்லை, தள்ளுவண்டிக்கு மாடு இல்லை, ஆகையால் அவர்களுக்கு யாரும் கொட்டை இடுவதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அறிவுக்குப் பேர்போன நம் அவையில் வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆவணியில் பெய்த மழை பனந்துறை ஓடையின் ஒன்பது மிதிகற்களில் ஐந்தை அடித்துக்கொண்டு போயிற்று. காவலர் இருந்திருந்தால் மறுநாளே யானை கொணர்ந்து நிறுத்தியிருப்பர். நீவிர் நாற்பது பேர் கூடித் தள்ளியும் ஒரு கல்லும் அசையவில்லை. ஐப்பசி மழை இறங்கினால் ஓடை கழுத்தளவு ஓடும். அதன்பின் தை வரை குறும்பட்டி தீவுதான். அங்கே பதினொரு பெண்கள் சூலுற்றிருக்க, அவர்களுக்கு இருக்கும் ஒரே மருத்துவச்சியாகிய கொற்றி ஓடைக்கு இப்பால் நெடுங்கரையில் இருக்கிறாள். நும் சபையார் வழக்குத் தொடுத்தது இதன்பொருட்டே.

வழக்கென்றாலும் எவ்வழக்கு? வழிநடை வழக்கு! அரச ஆணையை எதிர்க்கும் ஊர், ஆணை எழுதிய அதிகாரியை அழைத்து, நடந்துகொண்டே வழக்குரைக்கலாம். வழியைத் தேர்வது ஊராருக்கு, வேகத்தைத் தேர்வது அதிகாரிக்கு. இரு தரப்பும் பேசி முடிப்பதற்குள் யார் முதலில் அமர்கிறாரோ அவர் தரப்பு தோற்றது. வாய்ப்பேச்சு நீளாதிருக்க நம் முன்னோர் செய்த ஏற்பாடு இது. அறுபது ஆண்டுகளாக யாரும் கேளாத அந்த முறையைச் சட்டச் சுவடியிலிருந்து தோண்டி எடுத்த நும் சபையாரை என்னென்று சொல்வது! அழைப்போலை கண்டதும் தத்தனார் திருதிருவென விழித்தார். பல்லக்குக்கும் கட்டிலுக்கும் இடையே நடப்பதைத் தவிர வேறு நடை அறியாதவர் அவர்.

எனினும் அவர் லேசுப்பட்டவர் அல்லர். வேகம் தம்முடையது என்பதால் நத்தை போல் நடப்பது என்று முடிவு செய்துகொண்டார். கைப்பிள்ளைக்காரிகளும் சுமைக்காரரும் நெடுநேரம் நிற்கமாட்டார்கள், முதல் நிழலிலேயே அமர்ந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. புரட்டாசி ஒன்பதாம் நாள் காலையில் நடை தொடங்கியது. முதல் நிழல் வந்தது, இரண்டாம் நிழலும் வந்தது. அமர்ந்தார் ஒருவரும் இல்லை. மோர் கொடுத்தார்கள், நின்றபடியே குடித்தார்கள். அமைச்சருக்குத்தான் கணுக்கால் வீங்கியது.

நடக்க நடக்க அவர் கண்ணில் பட்டவை பல. எதிரே வந்தவர்களை முதலில் பொழுதுபோக்காக எண்ணத் தொடங்கினார்; ஏரிக்கரை தாண்டுமுன் இருநூற்றுக்கு மேல் போயிற்று, எண்ணிக்கை தவறிவிட்டது. குயவர் சாத்தன் குன்றன் வைக்கோல் பரப்பிய தள்ளுவண்டியில் பானைகளைத் தள்ளிக்கொண்டே அவர் பக்கத்தில் நடந்தார். பெருவழியில் மாட்டு வண்டியில் ஏற்றிச் செல்லலாமே என்று அமைச்சர் வினவியதற்கு அவர் சொன்னதைச் சொன்னபடியே பொறிக்கச் செய்தோம்: “ஏத்திப் பாத்தாச்சுங்க ஐயா. மாட்டு வண்டியில ஏத்துனா பாதி ஓடாத்தான் எறங்குது. இதுல போனா ஒரு பானைகூட மூக்கு ஒடியாம போயிச் சேருது. எங்களுக்கு ஒங்க பெருவழி மேல கோவம் ஒண்ணும் இல்ல, நல்லாப் போடுங்க. எங்க கல்லை எடுத்துத்தான் போடணுமா?”

தத்தனாரிடம் சொல்வதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. துறைமுகத்திலிருந்து நெல் விரைவாக வரும் என்ற முதற்காரணத்தைச் சொன்னார். அது மெய்யே என்று ஊராரும் ஒப்புக்கொண்டனர். இரண்டாவதைத் தொடங்குமுன் பக்கத்தில் நடந்த கொற்றியைப் பார்த்தார். அவள் தோளில் மூட்டை. கத்தியும் நூலும் சுக்கும் விளக்கெண்ணெயும் வெளுத்த துணியும் அதில் இருந்தன. ஒரு பெண் சுமந்து வரத் தாம் கைவீசி நடப்பது நாணமாயிருக்கவே, கேட்டு வாங்கித் தம் தோளில் இட்டுக்கொண்டார். நும் முன்னே பெருந்தன்மையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்ததாம். அதையும் அவரேதான் சொன்னார்.

ஓடைக்கு இன்னும் ஒரு கூப்பிடு தூரம் இருக்கையில், எதிர்க்கரையிலிருந்து குறும்பட்டி நெசவாளன் ஒருவன் இரு கையையும் வீசிக் கத்தினான். அவன் மனைவிக்கு வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது. கொற்றி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். மிதிகல் இல்லாத இடத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, அக்கரை ஏறி, அதன்பின்தான் தோளைத் தடவிப் பார்த்தாள். “ஐயா! மூட்டை ஒங்ககிட்ட! கத்தி அதுலதான் இருக்கு!” என்று அவள் அலறியது இன்னும் தம் காதில் கேட்பதாகத் தத்தனார் கூறினார்.

குன்றன் கை நீட்டினார், கொடுத்திருக்கலாம். கொடுக்க வேண்டும் என்றே அமைச்சருக்குத் தோன்றவில்லை. வேகம் தம் உரிமை என்ற நினைவு மட்டும் வந்ததாம். நத்தை நடையை அங்கேயே விட்டுவிட்டு விழுந்தடித்து ஓடினார். நாலாம் கல்வரை தாவினார். ஐந்தாம் கல் இல்லை. நீரில் விழுந்தார், தலைப்பாகை போயிற்று, செருப்பு போயிற்று, ஒரு மிடறு சேற்றுநீரும் உள்ளே போயிற்று. மூட்டையை மட்டும் தலைக்கு மேல் பிடித்தபடியே அக்கரை சேர்ந்தார். அந்த ஐந்து கல்லும் இருந்திருந்தால் பத்து எட்டில் கடக்கும் ஓடை அது. தாம் எழுதிய ஓலையைத் தாமே விழுங்கியது போல் இருந்தது என்றார்.

கொற்றியின் கையில் மூட்டையைக் கொடுத்தபோது அவள் அவரை வையவும் இல்லை, அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை. பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாழிகை ஒன்று ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. உள்ளே தாயின் குரல் ஓய்ந்தபோது தமக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றும், தம் மகள் பிறந்த நாளில்கூட இப்படி நடுங்கியதில்லை என்றும் தத்தனார் உரைக்கையில் அவர் கண் கலங்கியது. பின்பு பிள்ளை அழுதது. பெண்பிள்ளை. தாயும் பிழைத்தாள்.

அழுகுரல் கேட்ட அந்தக் கணத்தில் அமைச்சர் அவ்வீட்டு வாசலில், பாவு நீட்டியிருந்த நூலுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் பொத்தென்று அமர்ந்துவிட்டார். அவர் பின்னே ஓடை இறங்கி வந்திருந்த நும் ஊரார் அனைவரும் நின்றுகொண்டிருந்தனர். ஆரவாரம் செய்ய உரிமை இருந்தும் ஒருவரும் செய்யவில்லை. குன்றன் மட்டும் குனிந்து, “ஐயா, ஒக்காந்துட்டீங்க. வெரசா எந்திரிங்க, நாங்க யாரும் பாக்கல” என்று மெல்லச் சொன்னார்.

அந்தச் சொல் தம்மைச் சுட்டது என்கிறார் தத்தனார். எழுந்தால் வழக்கு மீளும் என்பது அவருக்குத் தெரியும். சொல்லாத காரணங்கள் இரண்டு மீதி இருந்தன. அவற்றுள் மூன்றாவது என்னவென்று இன்றுவரை அவருக்கு நினைவு வரவில்லை. தாம் அமர்ந்ததை எல்லோரும் பார்த்ததாகவே எழுதிக்கொள்ளுமாறு சபைக் கணக்கரிடம் வேண்டினார். குறும்பட்டியார் கொடுத்த கஞ்சியை அமர்ந்தபடியே குடித்தார். அதைப் போன்ற கஞ்சியை அரண்மனையில் ஒருநாளும் உண்டதில்லை என்று நம்மிடமே சொல்லும் துணிவும் அவருக்கு வந்துவிட்டது.

ஆகவே நாம் ஆணையிடுவதாவது. பன்னிரு காவலரும் ஐப்பசி பிறக்குமுன் நெடுங்கரைக்குத் திரும்புக. நாற்பது வண்டிக் கல்லும் புங்கங்கன்றும் முன்போலவே ஆண்டுதோறும் செல்க. பெருவழிப் பாலத்துக்கென்று செதுக்கி வைத்திருக்கும் பலகைக் கற்களில் ஐந்தை இன்றே எடுத்து, நம் கொட்டிலின் இரண்டு யானைகளோடு பனந்துறைக்கு அனுப்புக. பெருவழி அகலமாக ஓராண்டு தாமதமானால் தேரில் போவோர் பொறுத்துக்கொள்க. நாட்டின் ஒவ்வொரு நடைவழியிலும் இனிச் சாவடியைப் பாராமல் ஆளைப் பார்த்தே எண்ணுக; தள்ளுவண்டியும் சக்கரமே என்று அறிக. இவ்வழியின் கல்லிலோ ஆளிலோ இனிக் கைவைக்க விரும்பும் எவரும் முதலில் அதனை இருமுறை நடந்து கடந்தபின் நம்மிடம் வருக. கொற்றிக்கு ஓடைக்கு அப்பாலும் ஒரு வீடு அளித்தோம். எக்கரையில் தங்குவது என்பது அவள் விருப்பம்.

தத்தனார் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி நம் முன்னே வைத்து, பிழைக்குத் தாமே பொறுப்பு என்று கூறிப் பதவி விலக நின்றார். மோதிரத்தை நாமே அவர் விரலில் திரும்ப இட்டோம். அதனைக் கருணை என்று நெடுங்கரையார் எண்ண வேண்டா. ஆனித் திங்களில் அவர் எழுதிய அவ்வோலை நம் கைக்கு வந்த நாளில் இன்னும் நாற்பது ஓலைகள் உடன் வந்திருந்தன. உணவு வேளை நெருங்கியிருந்தது. ஊரின் பெயரைக்கூட நோக்காமல் அரச முத்திரையை அழுத்தியவர் நாமே. குறும்பட்டியில் அன்று தாயும் மகவும் மாண்டிருந்தால் அப்பழியில் பெரும்பங்கு நம்முடையது. இதனை அவையில் சொல்லத் தயங்கினோம், தயங்கியது வெட்கம். ஆதலால் இவ்வரிகளை எல்லா ஊரிலும் உரக்க வாசிக்குமாறு பணிக்கிறோம்.

ஓடும் நீரும் நடக்கும் காலும் உள்ளளவும் இவ்வாணை நிற்க. புரட்டாசி இருபத்திரண்டாம் நாள், மாமணிக்கூடலில், கோப்பெருநங்கையாகிய நாம் இவ்வோலையைத் தலைப்பிலிருந்து கடைசி வரை மூன்று முறை படித்தோம். படித்தபின் முத்திரை இட்டோம்.