துரையைச் சிவகிரிக்குக் கொடுக்கலாமா

உ
தென்காசி
18-7-1962

அன்பு மகள் மங்களேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, சாரல் விடாமல் விழுவதால் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது, பரேலியில் மாட்டு வைத்தியம் படிக்கிற நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன்னால். உன் சுரண்டை அத்தை ஆவுடையம்மாளை நான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டதாகக் குற்றாலம் வரைக்கும் பேச்சு. அது பொய். அவளை உள்ளே அழைத்து, உட்காரவைத்து, காப்பியும் உளுந்தவடையும் கொடுத்துத்தான் அனுப்பினேன். திருப்பி அனுப்பியது அவள் ஓட்டிவந்த பசுவை.

ஏன் என்று உனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. நம் காளை துரைக்குப் பிறந்த கிடாரியைத் துரைக்கே விட்டதில் போன வருஷம் ஒரு கன்று இரண்டு கண்ணிலும் வெள்ளை மூடிப் பிறந்தது. இங்குள்ள மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் தீவனத்தில் பச்சை குறைந்தாலும் இப்படி வரும் என்றார், அதுவும் நியாயமான பேச்சுதான், அவர் சொற்படி அடுத்த சினை முழுவதும் பச்சைப்புல்லும் மீனெண்ணெயும் கொடுத்தோம். மூன்று தலைமுறையாக மீன் வாடை படாத இந்தச் சைவ வீட்டுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் புட்டியை அனுமதித்தேன் என்றால் பார்த்துக்கொள். இருந்தும் வைகாசியில் பிறந்த கன்றுக்கும் அதே வெள்ளை. தொழுவத்துத் தூணிலெல்லாம் முட்டிக்கொள்கிறது என்று பேச்சிமுத்து தாய்ப்பசுவின் கழுத்தில் ஒரு மணி கட்டியிருக்கிறான், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய் மடியைத் தேடுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

துரையின் ரத்தத்தில் அந்தக் குறை ஒளிந்திருக்கும், மகளுக்கும் அது போயிருந்தால் இரண்டும் சேரும்போது வெளியே வரும், ஆனாலும் ஒவ்வொரு ஈற்றிலும் வராது, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல என்று நீ எழுதினாய். அதை அப்படியே உன் அத்தையிடம் சொன்னேன். நம் குடும்ப வழக்கம் உனக்குத் தெரியாததா, பெண்ணுக்குக் கொடுத்தனுப்பிய கிடாரி, காளை சேர அவள் பிறந்த வீட்டுத் தொழுவத்துக்கே வரவேண்டும், அந்நியக் காளைக்கு விட்டால் பிறந்த வீட்டுக்குக் குறைச்சல் என்பார்கள். அவள் ஓட்டிவந்ததும் துரையின் மகள்தான், உன் அப்பா இருந்தபோது கொடுத்தது. "போன ஈத்துக் கன்னு துள்ளிக்கிட்டுல்லா நிக்கி! மாட்டுக்குப் போயி முறை பாக்கியளே மதினி, நான் என் தாய்மாமனத்தான கெட்டியிருக்கேன், என் புள்ளைக என்ன சுவத்துலயா முட்டிக்கிட்டு அலையுதுவ?" என்று கேட்டாள். சமையற்கட்டில் சங்கரம்மாள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. போகும்போது, அண்ணன் இருந்தால் இப்படி நடக்குமா என்று கண்ணைத் துடைத்தாள் பார், அதுதான் தைத்தது.

அவள் கோபம் ஆவணிக்குள் ஆறிவிடும். எனக்கு இருப்புக் கொள்ளாமல் செய்வது வேறொன்று. சிவகிரியிலிருந்து பலவேசம் என்று ஒரு சம்சாரி வந்தார், பெரிய தொழுவம், நல்ல பசுக்கள். துரையின் திமிலைத் தடவிக்கொண்டே, "ஆச்சி, இது காளையா தேரா?" என்றார். கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்கிறாராம், பொலிகாளையாகவே வைத்து ராஜா மாதிரி வளர்க்கிறாராம். பேச்சிமுத்துவுக்குச் சந்தோஷம். "குடுத்துருங்க ஆச்சி, இங்கன இருந்தா காயடிக்கச் சொல்லுவிய, அய்யா கையால புல்லு தின்ன மாட்டப் பிடிச்சிக் குடுக்க எனக்குக் கை வராது" என்கிறான். யோசித்துப் பார்த்தால் பலவேசத்தின் பசுக்கள் துரைக்கு அந்நியம், பிறக்கிற கன்றுகள் எல்லாம் பளிச்சென்ற கண்ணோடுதான் பிறக்கும். நானும் பொய் சொன்னதாக ஆகாது, அவர் எதுவும் கேட்கவுமில்லை. ஆனால் அந்தக் கன்றுகளில் பாதிக்கு இது உள்ளே இருக்கும் என்று நீதானே எழுதினாய். அவற்றை அவர் ஒன்றோடொன்று சேர்ப்பார், நல்ல வம்சம் என்று மகளுக்கும் மருமகளுக்கும் கொடுப்பார், நாம் செய்தது போலவே. அன்றைக்கு அவர் தொழுவத்தில் ஒரு கன்று தூணில் முட்டும்போது தென்காசிக் காளை என்று ஒருவரும் நினைக்கப்போவதில்லை. யாருக்கும் தெரியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை திரும்ப வந்தவரிடம் என் மகள் சொல்லாமல் காளை வாசல் தாண்டாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டாக்டரம்மாவைக் கேட்டா காளையை விற்பார்கள் என்று அவர் சிரித்தார். ஆமாம் என்றேன்.

கண்டதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கம்பளியைக் குளிர் வருவதற்கு முன்பே வெயிலில் காயப்போடு. உன் எழுத்து கோடு விட்டுச் சாய்கிறது, கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் பார்த்திருந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதவைத்திருப்பார்.

குழல்வாய்மொழி அம்பாள் உனக்குத் துணை இருப்பாள், நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இரு. துரையை உன் அப்பா கன்றிலிருந்து வளர்த்தார் என்பதை நீ யோசிக்கவேண்டாம், என் மனம் நோகும் என்று பூசி மெழுகவும் வேண்டாம். காயடிக்கத்தான் வேண்டும் என்றால் காயடிக்க வேண்டும் என்றே எழுது, பேச்சிமுத்துவுக்குப் பதில் நானே கயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன். யாரிடமும் வாய்ச்சொல்லாகச் சொல்லியனுப்பாதே, உன் அத்தைக்கும் பலவேசத்துக்கும் நான் வாசித்துக் காட்டவேண்டும். தமிழில், தெளிவாக, உன் கைப்பட உடனே பதில் எழுது.

உன் அம்மா
ரத்தினம்