வற்றிய கடலில் நிற்பவருக்கு

மீன்சுருட்டி,
மாசி, வெள்ளிக்கிழமை.

என் அன்புக் கணவருக்கு, உங்கள் பூங்குழலி எழுதிக்கொள்வது. 'நாங்கள் இங்கு நலம்' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு நலமா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்களும் ராஜேஷும் பறவைக் கணக்கெடுப்புக் கேம்பில் உள்ள மற்றவர்களும் சுகமாக இருக்கச் செட்டிகுளத்து முருகன் துணை நிற்கட்டும்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன கேடு என்று நினைப்பீர்கள். உங்களுக்கு டவர் கிடைப்பதே வாரத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளும் அத்தை "ஸ்பீக்கர்ல போடுடி, நானும் கேக்குறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவரை வைத்துக்கொண்டு உங்களிடம் நான் என்ன பேச முடியும்? சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதைத் தவிர. நீங்களும் அம்மா கேட்கிறார் என்பதால் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கேன்" என்கிறீர்கள். அந்த "நல்லாருக்கேன்" எவ்வளவு பெரிய பொய் என்று போன வாரம் தெரிந்துபோனது.

ராஜேஷ் ஸ்டேட்டஸில் போட்டிருந்த வீடியோவைப் பார்த்தோம். பார்த்தேன் என்று எழுதவில்லை, பார்த்தோம், அத்தையும்தான். அரியலூரிலிருந்து உங்கள் தங்கை சசிகலா வந்திருந்தாள். அவள்தான் போனை நீட்டி, "அண்ணன் படகுல ஏறுது பாருங்க அண்ணி" என்று சிரித்துக்கொண்டே காட்டினாள். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். நடுவில் நீங்கள் மார்பளவு நனைந்து, ஒரு கையில் பைனாகுலரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். யாரோ உங்கள் சட்டைக் காலரைப் பிடித்துப் படகுக்குள் இழுக்கிறார்கள். ராஜேஷ் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். பயந்து போனவன் சிரிக்கும் சிரிப்பு அது. சசிகலாவின் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது. அன்று மாலைதான் நீங்கள் போன் பண்ணி, வேலை நல்லபடியாக முடிந்தது, கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான் என்றீர்கள். கொஞ்சம் களைப்பாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன், அத்தை பக்கத்தில் இல்லாவிட்டால்.

ராஜேஷிடம் தனியாகப் பேசினேன். அவனைத் திட்டாதீர்கள், நான்தான் விடாமல் கேட்டேன். "தண்ணி முன்னாடியிருந்து வராதுக்கா. நம்ம முதுகுக்குப் பின்னாடி இருக்குற ஓடையிலதான் மொதல்ல ஏறும். அண்ணன் பறவையப் பாத்துக்கிட்டே நின்னுட்டாரு" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் உங்கள் அம்மாவின் கதை தனி. கடல் அங்கே தினமும் வற்றும், வற்றிய இடத்தில்தான் எங்களுக்கு வேலை என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனீர்களே, அத்தை அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? நம் ஏரி பங்குனியில் வற்றி, மாடு மேய்கிற மாதிரி ஆகிவிடும் இல்லையா, அந்த மாதிரி நினைத்துக்கொண்டார். ஏரி வற்றினால் அடுத்த மழைக்குத்தானே திரும்ப நிரம்பும்? "எம்மவன் கடல்ல எல்லாம் எறங்குறதில்ல, காஞ்ச எடத்துல நின்னு பறவ எண்ணுறான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தினம் இரண்டு தடவை தண்ணீர் திரும்பி வரும் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வீடியோவைப் பார்த்த பிறகு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அத்தை பேசாமல் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மேல் கோபம் இருந்தாலும் காரணம் புரியாமல் இல்லை. ஆவணியில் நீங்கள் போனபோது எவ்வளவு சந்தோஷமாகப் பேசினீர்கள்! உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன, பனிதேசத்திலிருந்து பறந்து வந்ததில் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, இனி சேற்றிலுள்ள மட்டிச் சிப்பியாகத் தின்று சித்திரைக்குள் கொழுத்துவிடும், கொழுத்தால்தான் திரும்பிப் போகிற வழியில் சாகாது என்றெல்லாம் சொன்னீர்கள். பெரிய உள்ளான் மட்டியை ஓட்டோடு முழுங்கி வயிற்றுக்குள்ளேயே நொறுக்கிவிடும் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, நம் வீட்டு கிரைண்டரை விட அது தேவலை என்று சிரித்தோம். பிறகு புரட்டாசியில் பெய்த பெருமழையில் ஆற்றுத் தண்ணீர் வந்து பாய்ந்து, உப்பு குறைந்து, கரையோரத்து மட்டியெல்லாம் வாயைப் பிளந்து செத்துவிட்டது என்றீர்கள். அன்றைக்கே உங்கள் குரல் மாறிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க அதே பேச்சுதான், பொங்கலுக்கு நாலு நாள் வீட்டுக்கு வந்தபோதும் அதே பேச்சுதான். பறவைகள் சேற்றைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு வெறும் அலகோடு நிற்கின்றன, தை பிறந்தும் எடை ஏறவில்லை, மட்டி தேடித் தள்ளித் தள்ளிப் போகின்றன என்று. அவை தள்ளிப் போகப் போக நீங்களும் பின்னாலேயே போயிருக்கிறீர்கள். அவற்றுக்கு இறக்கை இருக்கிறது. தண்ணீர் வந்தால் எழும்பிவிடும். உங்களுக்கு என்ன இருக்கிறது?

அரியலூர்ச் சுரங்கத்துக் கல்லில் சிப்பி ஒட்டியிருப்பதைக் கல்யாணமான புதிதில் எனக்குக் காட்டி, நம் ஊரும் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்றீர்கள். அந்தக் கடல் வற்றியது வற்றியதுதான், திரும்பி வரவில்லை. எவ்வளவு மரியாதை தெரிந்த கடல்! அதை விட்டுவிட்டு, போன வேகத்தில் திரும்பி வருகிற கடலைத் தேடிக் குஜராத்துக்குப் போய் நிற்கிறீர்கள்.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முந்திரி நன்றாகப் பூத்திருக்கிறது. எப்போதும் அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். இந்த வருடம் மேலத் தோப்புப் பக்கம் காற்று அடித்தாலே குமட்டுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறேன். ஜெயங்கொண்டம் மெடிக்கலில் என் கூட வேலை பார்க்கும் பொன்னாயி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பில் எதுவும் போடாமல் ஒரு பரிசோதனைக் கிட்டை எடுத்துக் கையில் திணித்தார்.

ஆமாம். நாள் தள்ளிப் போயிருக்கிறது. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அத்தைக்கு இன்னும் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் பிணம் தூக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். உங்களுக்கும் தெரியும். போன வருடம் நமக்குத் தங்காமல் போனபோது அத்தை அழுதார், யாரையும் குறை சொல்லவில்லை. மகன் காய்ந்த இடத்தில்தானே நிற்கிறான் என்று நினைத்திருந்தார். இப்போது வீடியோவைப் பார்த்துவிட்டார். நான் வாயைத் திறந்தால் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் சேர்த்து முடிச்சுப் போட மாட்டாரா? உடனே உங்களைக் கூப்பிட்டு, கட்டுடா மூட்டையை என்று நிற்பார். நீங்களும் வந்துவிடுவீர்கள். வந்து, அந்தப் பறவைகள் போய்ச் சேர்ந்தனவா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு அதைப் பார்க்கவும் முடியாது. எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பாதவளுக்கும் பயம் வருகிறது. நாளைக்கு இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

அரியலூர்,
திங்கட்கிழமை.

சனிக்கிழமை சேர்க்க முடியவில்லை. பதறாமல் படியுங்கள், இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது லேசாக உதிரம் பட்டது. போன வருடமும் இப்படித்தானே ஆரம்பித்தது. அத்தையிடம் சசிகலாவைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டே வந்தேன். சசிகலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேனில் இதயத் துடிப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். பட்டாணி அளவுதான். அதற்குள் என்ன அவசரமோ, படபடவென்று அடித்துக்கொள்கிறது. இரண்டு வாரம் அசையாமல் படுக்க வேண்டும், பஸ்ஸே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் இப்போது சசிகலா வீட்டில் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நேற்று அத்தை வந்துவிட்டார். சசிகலாவால் மறைக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "போன தடவையும் அவன் தண்ணியிலதான் நின்னானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இனி வரப்போகிற வசவு மழைக்குக் குடை விரித்துக்கொண்டு நான் காத்திருந்தேன். அத்தை திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இப்புடிக் கேட்டேன்னு அவங்கிட்ட சொல்லிப்புடாத. காலம்பூரா அவன் மனசுல கெடந்து அரிக்கும்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "புள்ள உண்டாயிருக்குன்னும் இப்ப சொல்லாத. கேட்டான்னா தண்ணி ஏறுதா எறங்குதான்னு பாக்க மாட்டான், அப்படியே வூட்டுக்கு ஓடியாருவான். அவுங்க அப்பா ரத்தம்ல" என்றார். நீங்கள் பிறந்த சேதி கேட்டு, கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதே மாமா இறங்கி வந்தாராமே? கட்டியிருந்த வேட்டி கூடப் போய், யாரோ கொடுத்த துண்டோடு வந்து நின்றாராம். இத்தனை வருடமாக அத்தை அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நேற்று சொன்னபோது சிரிக்கவில்லை.

அத்தை சொன்ன இரண்டையும் நான் மீறிவிட்டேன். நீங்கள் ஒன்றை மறைத்தீர்கள், நான் ஒன்றை மறைத்தேன், அத்தையும் இப்போது மறைக்கச் சொல்கிறார். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் பயப்படக் கூடாது என்று மறைத்தே பயத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம். எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. நீங்கள் கடலில் நின்றதற்கும் போன வருடம் நடந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அவர் நிலாவுலயே போய் நின்னாலும் சம்பந்தம் கிடையாதும்மா" என்றார். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தை கேட்டதை மறந்துவிடுங்கள்.

நண்டுதின்னிப் பறவையின் குஞ்சு அம்மா அளவுக்கு வளர்ந்த பிறகும் பின்னாலேயே கத்திக்கொண்டு நடந்து இரை கேட்கும் என்று ஒருமுறை சொன்னீர்களே, அவை இந்த வருடமும் வந்திருக்கின்றனவா? அவற்றுக்காவது வயிறு நிறைகிறதா? படுத்துக் கிடப்பதில் இதெல்லாம்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் பறவைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பசியோடு இருப்பவற்றின் மேல் எப்படிக் கோபப்பட முடியும்?

வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. சித்திரையில் அவை கிளம்பிய பிறகு வாருங்கள். நான் இங்கே படுத்திருக்கிறேன், சசிகலா இருக்கிறாள், உங்கள் அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தே என்னைக் கொழுக்க வைத்துவிடுவார். ஆனால் ராஜேஷை உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடையைப் பார்த்தபடி நிற்கச் சொல்லுங்கள். அவன் வா என்றால் வந்துவிடுங்கள். எண்ணாமல் விட்ட பறவைகள் விட்டதாகவே இருக்கட்டும்.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் டவர் இருக்கிற இடத்தைத் தேடி ஓடுவீர்கள். எனக்குத் தெரியும். சேற்றைக் குறுக்கே கடந்து போகாதீர்கள், சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போங்கள். ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. நான் போனை எடுத்ததும் என் உடம்பைப் பற்றிக் கேட்காதீர்கள், பிள்ளையைப் பற்றிக் கேட்காதீர்கள். முதலில், "கரையில நிக்கிறேன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கும்
உங்கள் பூங்குழலி.