சலவைப் பதிவேட்டில் பதினேழாம் வரி

அனுப்புநர்:
சலவைப் பிரிவு மேற்பார்வையாளர்,
தங்கும் விடுதி, கீழ்த்தளம்.

பெறுநர்:
பெண்கள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: அறைப் பணிப்பெண் அளித்த பாலியல் வன்முறைப் புகாரை முடித்து வைக்காமல், என்னைச் சாட்சியாக விசாரிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இருபத்தாறு வருடமாக இந்த விடுதியின் துணிகளை வெளுப்பவள் நான். சென்ற மாதம் மூன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு மேற்படி பணிப்பெண் என்னிடம் வந்தாள். மூன்றாம் மாடிப் பொறுப்பாளர் விரிப்பு அறைக் கதவைச் சாத்தித் தன்னைப் பலவந்தம் செய்ததாகச் சொன்னாள். "வேணாம்னு ரெண்டு தடவ சொன்னேன்க்கா. அப்புறம் கத்தக்கூட வாய் வரல" என்றாள்.

2. நான் கேட்ட முதல் கேள்வி, "நீ எதுக்கு அங்க தனியா போன?" என்பது. விரிப்பு எடுக்கப் போனாள். அது அவள் வேலை. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

3. அடுத்துச் செய்தது அதைவிட மோசம். அவளைக் குளிக்க வைத்தேன். சீருடையை ஊறவைத்துத் துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த உதவி அது ஒன்றுதான். "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றும் சொல்லி அனுப்பினேன்.

4. ஒன்பது நாள் கழித்து அவளே துணிந்து புகார் கொடுத்தாள். "அவளாத்தான் வந்தா, கத்தவே இல்ல" என்கிறாராம் பொறுப்பாளர். துணியில் தடயம் இல்லாததால் வரும் வெள்ளிக்கிழமை கோப்பு மூடப்படும் என அறிகிறேன். தடயத்தை அழித்தவள் நான். இஸ்திரியில் ஒரு மடிப்பு கோணினால் ஊரைக் கூட்டுகிற நான், வேலை போய்விடும் என்று இதற்கு வாயைத் திறக்கவில்லை.

5. நேற்று அரசு மருத்துவமனை உதவி மையத்துக்கு அவளுக்குத் துணையாகப் போனேன். பயத்தில் உடம்பு மரத்துப்போவது சம்மதம் ஆகாது என்று ஆலோசகர் அவளிடம் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் நானும் அப்போதுதான் அதைக் கேட்டேன். துணியைத் துவைத்துவிட்டதால் வழக்கு முடிந்துவிடாது, துவைக்கும் முன் அதைப் பார்த்தவர் வந்து சொல்லலாம் என்றும் சொன்னார்.

6. விருந்தினர் பிற்பாடு குறை சொல்லக்கூடாதென்று, துவைக்கும் முன் ஒவ்வொரு துணியின் பழுதையும் பதிவேட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். அன்றும் கைப்பழக்கத்தில் பதினேழாம் வரியில் எழுதியிருக்கிறேன்: "சீருடை 1. பொத்தான் மூன்று அறுந்தது. இடது தோள் கிழிசல். இரத்தக் கறை. மணி 11.20." அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். பதிவேடு என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

கோப்பை மூடாமல் என் வாக்குமூலத்தைப் பதிந்துகொள்ள வேண்டுகிறேன். என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். நான் கேட்ட கேள்வியை அவளிடம் இனி யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினேழாம் வரியின் கடைசிக் கட்டத்தில் "கறை முழுதும் போயிற்று, திருப்தி" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருப்பவளும் நானே.

நாள்: 14, செவ்வாய்
இடம்: சலவைப் பிரிவு

தலைகுனிவுடன்,
(கையொப்பம்)
சலவைப் பிரிவு மேற்பார்வையாளர்