நாள் விட்டு நாள்

இன்று காலை பாயான் பாரு தொழிற்சாலைப் பேருந்தில் யாரோ தைலப் புட்டியைத் திறந்தார்கள். நீ இருந்திருந்தால், “மேல தேய்ச்சா உள்ள போயிடுமா லா?” என்று பாதிப் பேருந்துக்குக் கேட்கும்படி சொல்லியிருப்பாய்.

என் குதிகாலுக்கு மேலே தசைநாண் வீங்கியபோதும் அப்படித்தான் கத்திக்கொண்டு வந்தாய். என் மகள் நோயிலிருந்து பிழைத்ததற்காகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். காவடியோடு ஏற வேண்டிய தண்ணீர்மலைக் கோயில் படிகளை நினைத்துப் பயந்து, காலை இறுக்கிக் கட்டி நாற்காலியில் ஏற்றி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை பார்க்கிறவன் நீ, கட்டைக் கண்டதும் உனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவுருடா மச்சான். அந்த நாணுக்கு ரத்தம் கம்மியாத்தான் போகும். வேலை குடுத்தாதான் சுத்தி ரத்தம் ஓடும், உள்ள புதுசா நார் கட்டும். படுக்க வெச்சா எப்படி லா?”

அடுக்குமாடிப் படி விளிம்பில் நிற்கவைத்து, குதிகாலை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கச் சொன்னாய். இறக்கும்போதெல்லாம் அறுந்துவிடுமோ என்று உயிர் போய் வந்தது. “நாள் விட்டு நாள்தான். செய்யற அன்னிக்கு நார் கொஞ்சம் கரையும், விட்ட நாள்லதான் கட்டும்,” என்றாய்.

எனக்கோ அது விரதம். விரதத்தில் ஒரு நாள் விடுவார்களா? குளித்து, திருநீறு பூசி, தினமும் செய்தேன். தைப்பூசம் நெருங்க நெருங்க இரண்டு வேளை. முந்தின நாள் கால் மறுபடி வீங்கிவிட்டது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாய்.

“நாள் விட்டு நாள்தானே செஞ்ச?”

“ஆமா லா.”

விரலை எடுத்தாய். பிறகு, “அப்ப என் கணக்குதான் தப்பு,” என்றாய்.

மறுநாள் மலையில் எனக்கு ஒரு படி கீழே, இரண்டு கையையும் விரித்தபடி வந்தாய். நான் சரிந்தால் காவடியோடு உன் மேல்தான் விழுவேன். திரும்பிப் பார்த்தேன், உன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். விரதக்காரன் பொய் சொன்னான் என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. கால் எப்படியோ தாங்கிவிட்டது.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மனைவி சொன்னாள்: “அதுக்கப்புறம் யாருக்கும் அந்தப் பயிற்சிய சொல்லித்தர பயப்படுவாரு, அண்ணே. கூட்டாளிக்கே தப்பா சொல்லிட்டேன்னு பொலம்பிக்கிட்டே இருந்தாரு.”

நான் தலையாட்டிக்கொண்டு தேநீரைக் குடித்தேன். கோழை.

அவளிடம் சொல்லுமுன் உன்னிடம் சொல்ல வேண்டும். உன் கணக்கு தப்பில்லைடா. நான் தினமும் செய்தேன்.