ரோசலின் ஒழுகினால் ஒழுகட்டும்

சிங்காநல்லூர்
ஆடி 14, செவ்வாய்க்கிழமை

அன்புக் கண்ணு நித்யஸ்ரீக்கு,

உன் அப்பனைப் பெற்ற ஆத்தா ராசாத்தாள் எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அதன் பேச்சை நானும் கேட்பதில்லை. ஜெர்மனியில் இப்போது வெயில் காலம் என்கிறாய், ஆனால் போட்டோவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறாய். அது என்ன வெயிலோ. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். இரண்டு காரணம். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நான்கு சொல்லிவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. இரண்டாவது காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தாண்டிப் போய்ப் படிக்காதே.

நீ போன புதிதில், "ஆத்தா, அந்தப் படகை யாராச்சும் கேட்டா குடுத்துப்போடுங்க, எனக்கு வேண்டாமுங்க" என்று சொன்னாய். உன் அப்பன் தம்பிதுரையும் அதையேதான் சொன்னான். பதினாலு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அப்பனும் மகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். நான் ஒத்துப்போகவில்லை. நீ கேட்கும்போதெல்லாம், "அதுக்கு ஒரு வழி பண்ணியாச்சு கண்ணு" என்று சொல்லிவந்தேன். அது பொய் இல்லை. வழிதான் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் படகு, உன் ரோசலின், நம் பம்பு வார்க்கிற பவுண்டரியின் பின்கொட்டகையில்தான் நிற்கிறாள்.

போன ஆடியில் ஒரு ரிசார்ட்டுக்காரர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். படகை நடுவில் அறுத்து, பாதியைச் சாப்பாட்டுக்கூடத்தில் வைத்து, அதில் சாலட் அடுக்குவார்களாம். அறுபது வருசத்துத் தேக்கில் வெள்ளரிக்காய்! எனக்கு வந்த கோபத்தில் ஏணி வைத்து ஏறி, நீ படுத்துக் கதை படிப்பாயே அந்தப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் மரியாதையாகத்தான், "இறங்குங்க பாட்டிம்மா, வேலை இருக்குதுங்க" என்றார். "இறங்க மாட்டனுங்க. அறுக்கறதா இருந்தா என்னையும் சேத்து அறுங்க. எந்தப் பாதியில சாலட் வெக்கறீங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க" என்றேன். மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு இரண்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். உன் அப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னமோ பண்ணுங்க. ஆனா இந்த வேலைக்கு எங்க கம்பெனி ஆளு ஒருத்தனையும் தொடப்படாது" என்றான். தொடவில்லை. யாருக்கு வேண்டும் அவன் ஆள்?

உனக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது கண்ணு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொச்சியில் நீ வாங்கி லாரியில் வந்த அந்தப் பழைய பாய்மரப் படகு, நம் ஊர்க் காற்றில் காய்ந்து, பலகைக்குப் பலகை பென்சில் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டது. உன் அப்பன் பம்பு செய்கிறவன். சொட்டு ஒழுகினாலும் அந்தப் பம்பை வாசல் தாண்ட விடமாட்டான். எல்லா இடைவெளியிலும் கல் மாதிரி இறுகுகிற பசையை ஊற்றி அடைத்தான். அப்புறம் பம்பை டெஸ்ட் பண்ணுகிற மாதிரியே, விளிம்பு வரை உள்ளே தண்ணீரை நிரப்பச் சொன்னான். நீ முதலில் வேண்டாம் என்றாய், பிறகு சரி என்றாய். நான் தூணில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும், நித்யா. என் அப்பாவிடம் கட்டைவண்டி இருந்தது. சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்தால் தொட்டித் தண்ணீரில் போடுவார். மறுநாள் மரம் பருத்து, பட்டையைத் தானே இறுக்கிக்கொள்ளும். தண்ணீர் குடித்தால் மரம் பருக்கும், பருக்க இடம் இல்லையென்றால் எதையாவது உடைக்கும் என்று எனக்குத் தெரியும். பி.இ. படித்த பேத்தியும் முப்பது வருசம் பம்பு செய்த மகனும் பேசுகிற இடத்தில், ஐந்தாவது படித்தவள் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை, சொந்தபந்தமெல்லாம் பூஜைக்கு வந்து நிற்கும்போது, விலாக்கட்டைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. செப்பு ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. தண்ணீர் ரோடு வரைக்கும் ஓடியது. உன் அத்தை மகன் மதன்குமார் அதை வீடியோ எடுத்து, சிங்காநல்லூர் சுனாமி என்று பேர் வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். அத்தனை பேர் சிரித்த அவமானத்தில் உன் அப்பன், "கடலே இல்லாத ஊருல கப்பல் வாங்குன புத்தி!" என்று உன்னைச் சொன்னான். நீ, "எல்லாமே உங்க டப்பா பம்புன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாய். இரண்டுமே பேசக்கூடாத பேச்சு. ஆனால் நான் பேசவேண்டியதைப் பேசியிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் அதைப் பேசியிருக்க மாட்டீர்கள். அந்த ஒரு நாள் வாயை மூடிக்கொண்டதற்குத்தான் ஒரு வருசம் உளி பிடித்தேன். இனிமேல் மூடுவதாக இல்லை.

உன் நோட்டில் கொச்சிப் படகுத் தச்சர் சஹீரின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். பாலக்காட்டில் பஸ் மாறி, ஒரு சாக்குப்பை ஆயுதத்தோடு வந்து இறங்கினார். வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்க்கிற மாதிரி பலகை பலகையாகத் தட்டினார். தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மே, இது பம்பு அல்ல, வள்ளமாக்கும். வள்ளத்துக்கு தாகம் உண்டு" என்றார். வள்ளம் என்றால் அவர் ஊரில் படகு. "அது எனக்குத் தெரியுமுங்க, செரி பண்ண முடியுமா, அதைச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பசையை முழுக்கச் சுரண்டி எடுத்தால் முடியும் என்றார். யார் சுரண்டுவது என்று கேட்டார். என்னைக் காட்டினேன். மனிதர் சிரிக்கவில்லை. அதனாலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

மில்லில் இருந்து ஓய்வு பெற்ற ராமாமணியை உனக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரி. அவளும் நானும் தினமும் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை சுரண்டினோம். ஐப்பசியில் தொடங்கி மாசியில் முடித்தோம். போகிறவர் வருகிறவர் சும்மா போகவில்லை. வெள்ளகோவில் சின்னத் தாத்தா ஒரு கல்யாணத்தில் பந்தியில் வைத்தே, "ஏனுங்க அண்ணி, உங்க கப்பல்ல பொள்ளாச்சிக்கு டிக்கெட் எவ்வளவுங்க?" என்று கேட்டார். "ஆளுக்கு இலவசமுங்க. உங்க வாய்க்குத்தான் தனியா லக்கேஜ் போடோணும்" என்றேன். அதோடு அவர் பாயசத்தைக்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை.

பலகை இடுக்கில் என்ன வைப்பது என்று கேட்டதற்கு சஹீர், பஞ்சு என்றார். முறுக்கியும் முறுக்காமலும் கயிறு மாதிரி திரித்த பஞ்சை, மழுங்கின உளியால் இடுக்கில் இறக்க வேண்டுமாம். மேலே கல்லாக இறுகாமல் இளகியே இருக்கிற பட்டிப் பசையைப் பூச வேண்டுமாம். மரம் பருத்தால் பஞ்சு அமுங்கி இடம் கொடுக்கும். கொச்சியில் அந்தத் திரி கிடைக்கவே அலைய வேண்டும் என்று வருத்தப்பட்டார். ராமாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாருகிட்ட வந்து பஞ்சைப் பத்திப் பேசறீங்க? முப்பத்தோரு வருசம் பஞ்சைத்தானுங்க மூச்சா இழுத்தேன்" என்றாள். பழைய மில் சிநேகிதியிடம் சொல்லி ஒரு சாக்கு வாங்கிவந்தாள். நான் கார்த்திகைக்குத் திரி திரிக்கிற கை. அவள் இழுக்க, நான் திரிக்க, சஹீர் ஒரு முழத்தை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல திரியைத் தான் தொட்டதில்லை என்றார். நான் உயரமாகிவிட்டேன் அன்றைக்கு.

இப்போது இரண்டாவது காரணம்.

முறிந்த விலாக்கட்டைக்குப் புதுக்கட்டை வளைக்க, மரத்தை இட்லி மாதிரி ஆவியில் வேகவைக்க வேண்டும். அதற்கு நீளமான பெட்டி வேண்டும். எங்களிடம் இல்லை. உன் அப்பன் ஒரு வருசமாக ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால், எட்டடிக் குழாய், ஒரு முனையில் மூடி, மறு முனையில் திறக்கிற கதவு, ஆவி ஏறக் குழல், எல்லாம் வெல்டிங் பண்ணிக் கொட்டகை வாசலில் கிடந்தது. கேட்டால், "பழைய ஸ்கிராப்புங்மா, இடத்தை அடைச்சுட்டுக் கெடந்துச்சு" என்றான். ஸ்கிராப்புக்கு எந்த ஊரில் பெயிண்ட் அடிப்பார்கள்?

அப்புறம் செப்பு வாசர், நடுவில் துளை போட்ட சின்ன வட்டத் தகடு. ஆணியை வெளியே இருந்து அடித்து, உள்பக்கம் குழிந்த வாசர் மாட்டி மடக்க வேண்டும். பழையது எல்லாம் கிழிந்துவிட்டது, அந்த அளவு கடையில் இல்லை. பத்து நாள் கழித்து, படகுக்குள் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு வாசர். தனியாக டை என்கிற வெட்டச்சு செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத நேரம் பார்த்து, அவனே பிரஸ்ஸில் அடித்திருக்கிறான். அத்தனையும் ஒரே அச்சு. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன். தலை நிமிரவில்லை. "நித்யாகிட்ட வாயைத் தெறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்மா" என்றான். பண்ணினேன். வாயைத் திறக்கவில்லை. இதோ, இறுக மூடிக்கொண்டுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சத்தியம் வாங்கத் தெரியாதவன் தப்பு அது.

விலா வளைத்தாயிற்று. ஆணி அடித்தாயிற்று. பஞ்சு இறக்கியாயிற்று. பாய்மரத்துப் பாய் இரண்டையும் எலி கடித்த இடத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்தாயிற்று. இப்போது உள்ளும் புறமும் நனைந்த சாக்குப் போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறோம். ஓணம் கழிந்த அடுத்த வியாழக்கிழமை கொச்சியில் நீரில் இறக்குவதாக சஹீர் நாள் குறித்திருக்கிறார். லாரிக்கும் சொல்லியாயிற்று.

போன வாரம் சஹீர் உன் அப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். இறக்கின முதல் ஒரு வாரம் படகு ஒழுகத்தான் செய்யும், மரம் முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான் நிற்கும், அதுவரைக்கும் யாராவது கூடவே இருந்து இறைக்க வேண்டும் என்றார். ஒழுகுவதைப் பார்க்கப் பொறுக்காதவன் இவன், மறுபடியும் பசையை எடுத்துவிடுவானோ என்று பயந்துபோனேன். அவன் படகுக்கு அடியில் குனிந்து, ஓர் உள்ளங்கையளவு இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஒழுகுனா ஒழுகட்டுமுங்மா. நா எறச்சுக்கறேன்" என்றான்.

மறுநாளே படகின் அடித்தட்டில் ஒரு பம்பு வந்து உட்கார்ந்துவிட்டது. நம் கம்பெனிப் பம்புதான். அந்த ஒரு வாரமும் படகிலேயே படுப்பானாம். பாய், போர்வை, கொசுவலை எல்லாம் எடுத்துவைத்துவிட்டான். உன் அம்மா புவனா, கல்யாணமான புதிதில்கூட இவர் ஒரு வாரம் கம்பெனியை விட்டு இருந்ததில்லை என்று முறுக்குப் பிழிந்துகொண்டே திட்டுகிறாள்.

படகில் படுக்க இரண்டு பலகை உண்டு. அவன் ஒன்றில்தான் பாயை விரித்திருக்கிறான். இன்னொன்றில் உட்காரக்கூட என்னை விடவில்லை. எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

பாய்மரத்தில் பாய் கட்டி ஓட்டத் தெரிந்தவர் எங்களில் யாரும் இல்லை. சென்னையில் கற்றுக்கொண்டவள் நீ ஒருத்திதான். நீ வந்தாலும் வராவிட்டாலும் அந்த வியாழக்கிழமை ரோசலின் தண்ணீரில் இறங்குவாள். சுக்கானை நான் பிடிப்பேன். எழுபத்து நாலு வயதில் நீச்சல் தெரியாமல் நான் கடலில் படகு ஓட்டுவதை மதன்குமார் வீடியோ எடுக்கட்டும். அதற்கு என்ன பேர் வைப்பான் என்று பார்க்கிறேன்.

கவருக்குள் ஒரு செப்பு வாசர் வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது தவறவிடாதே. எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்று உன் அப்பன் டார்ச் அடித்து இரண்டு நாள் கொட்டகை முழுக்கத் தேடினான். நானும் கூடவே தேடினேன். உன் பலகைக்குத் தலைமாட்டில் ஓர் ஆணித் துளை அடைக்காமல் இருக்கிறது. புதிதாக ஒன்று அடித்துப் போடுகிறேன் என்றவனை நான்தான் விடவில்லை. அது வழியாகத் தண்ணீர் வந்தால் அவன் இறைப்பான். எத்தனை நாள் வேண்டுமானாலும் இறைப்பான். ஆனால் அவனுக்கும் வயது ஐம்பத்தாறு ஆகிறது, கண்ணு.

காற்று எப்போதும் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வாசரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வா.

உன் ஆத்தா,
ராசாத்தாள்