கரடிக்கு மட்டும் தெரிந்த வழி

பிப்ரவரி 6

கரடி, இன்றைக்கு ஒரு கூத்து.

உன் மகள் போனை என் கையில் திணித்து, "நம்ம லாண்டரிக்கு ஒரு ஆப் பண்ணியிருக்கேன்மா, அழுத்திப் பாரு" என்றாள். துவைக்கிற பக்கம் ஒன்று, கறை எடுக்க ஒன்று, இஸ்திரிக்கு ஒன்று, மூட்டையைக் கொடுக்க ஒன்று. நம் கடையையே சுருட்டி உள்ளே வைத்த மாதிரி இருந்தது. சரி, முதல் பக்கத்துக்கே போவோம் என்று மேலே இடது மூலையில் இருந்த அம்பைத் தொட்டேன். துவைக்கிற பக்கம் வந்தது. மறுபடி தொட்டேன், இஸ்திரி. மறுபடி தொட்டேன், துவைக்கிற பக்கம். செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறேன்!

"போதும்டி, தலை சுத்துது. என்னை வெளிய விடு."

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நீ போன பிறகு இந்த வீட்டில் இவ்வளவு சத்தமாக யாரும் சிரிக்கவில்லை. சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் உன் நாற்காலியைப் பார்த்தோம். அப்புறம் மறுபடி சிரித்தோம்.

ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பிப்ரவரி 7

கட்டடத்துச் சொந்தக்காரர் வந்தார்.

"ஏம்மா, ஷட்டர் இன்னும் எத்தனை நாளைக்குத் தூங்கும்? பேக்கரிக்காரர் தினம் கேக்குறார். மார்ச் ஒண்ணாம் தேதி திறந்தா கடை உங்களுது. இல்லன்னா சாவியக் குடுத்துடுங்க."

நல்ல மனுஷன்தான். இவ்வளவு நாள் பொறுத்ததே பெரிது.

நீ இல்லாமல் கடையை நடத்திப் பார்க்காமல் இல்லையே. துவைக்கிறவருக்குத் துவைக்கத் தெரியும். எனக்குக் கறை எடுக்கத் தெரியும். வாயாடிக்கு இஸ்திரி போடத் தெரியும், கூடவே பேசவும் தெரியும். ஆனால் எந்த மூட்டை அடுத்து எங்கே போகவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் "முடிஞ்சது!" என்று கத்துவோம். நீ முன்னால் உட்கார்ந்தபடியே "கறைக்கு", "இஸ்திரிக்கு", "அவசரம், நேரா கொண்டு போ" என்பாய். அந்தக் குரல் நின்றது, டாக்டரின் வெள்ளைக் கோட்டு மீன்கடைக்குப் போயிற்று, மீன்கடைக்காரரின் அரைக்கால் சட்டை கிளினிக்குக்குப் போயிற்று. ஷட்டரை இறக்கிவிட்டேன்.

பிப்ரவரி 9

நான் ஒரு யோசனை சொன்னேன். "எல்லாப் பக்கத்துலேருந்தும் எல்லாப் பக்கத்துக்கும் ஒரு கதவு வெச்சிடு. எங்க வேணும்னாலும் போயிடலாம்ல?"

"அப்படியெல்லாம் பண்ணக் கூடாதும்மா."

"நீ பண்ணு. நான் சொல்றேன்ல."

ஆபீஸில் ஆப் செய்து சம்பளம் வாங்குகிறவள். இருந்தாலும் அம்மா சொல்கிறாளே என்று உட்கார்ந்து செய்கிறாள்.

பிப்ரவரி 10

அம்மா சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பக்கம் முழுக்கப் பொத்தான், புளியம்பழம் உலுக்கின மாதிரி. சும்மா விரல் பட்டதற்கே ஒரு மூட்டை துவைக்காமல் இஸ்திரிக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 13

மகள் முகம் சரியில்லை. பட்டுக்குத் தனியாக ஒரு பக்கம் சேர்த்தாளாம். அதைச் சேர்த்ததும் துவைக்கிற பக்கம் திறக்கவில்லை, கொடுக்கிற பக்கம் வெள்ளையாக நிற்கிறது.

"ஒவ்வொரு பக்கமும் அடுத்த பக்கம் எதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கும்மா. ஒண்ணை அசைச்சா நாலு உடையுது. என்னால முடியல. பேக்கரிக்கே குடுத்துடலாமா?"

டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

டீயோடு திரும்பினேன், அந்த நேரம் பார்த்து வாயாடி வந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய பக்கத்தில், கறைக்கா, பட்டுக்கா, கொடுக்கவா என்று வரிசையாகக் கேட்டது.

"இதென்னக்கா அநியாயம்? நான் இஸ்திரி போடுறவ. அடுத்து எங்க போகணும்னு என்னையே கேக்குது இந்தப் போனு. அது எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்கு ஆவியில வேகுறேன்? முன்னாடி உக்காந்து அதிகாரம் பண்ணமாட்டேன்?"

மகள் சிரிக்கவில்லை. போனைத் திரும்ப வாங்கி அந்த வரிசையைப் பார்த்தாள். பிறகு தலையில் தட்டிக்கொண்டாள். "ஆபீஸ்ல இதைச் சரியாத்தான் பண்ணுவேன். வீட்டு வேலைதானேன்னு அவசரத்துல அள்ளிப் போட்டுட்டேன்."

டீ ஆறிப்போயிற்று. யாரும் குடிக்கவில்லை.

பிப்ரவரி 15

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டாள். கல்யாண வீட்டைக் காலி செய்த மாதிரி இருக்கிறது.

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இனிமேல் எந்தப் பக்கத்துக்கும் வேறு பக்கம் இருப்பதே தெரியாது. துவைக்கிற பக்கத்தில் ஒரே பொத்தான்: முடிஞ்சது. இஸ்திரியிலும் அதே. எல்லாப் பக்கத்துக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். முடிஞ்சது என்று கேட்டதும், இது பட்டா, அவசரமா, கறை இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த பக்கத்தை அவன்தான் திறப்பான். வழி முழுக்க அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். நாளைக்குப் புதிதாக ஒரு பக்கம் வந்தால் அவனிடம் மட்டும் சொன்னால் போதும். மற்றதை யாரும் தொடவேண்டாம்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். சட்டென்று எழுந்து நின்றேன்.

"அப்போ உங்கப்பாவுக்குப் பதிலா ஒரு போனு. அவ்வளவுதானே?"

"அம்மா —"

"பேசாத."

எதுக்குக் கத்தினேன்? அவ என்ன தப்பு பண்ணா? ஆனா நீ அவ்வளவுதானா கரடி? அடுத்து எங்கேன்னு சொல்ற ஒரு ஆளு, அது மட்டும்தானா? நடுவுல நீ பாடுற அந்தக் கண்றாவிப் பாட்டு? எனக்குக் கை வலிச்சா, கேக்காமலே என் மூட்டையை நீ எடுத்துக்குவியே — அதையெல்லாம் எந்தப் பக்கத்துல வெப்பா?

பிப்ரவரி 16

பேசவில்லை. அவளுக்குப் பிடித்த மாதிரி டீயில் இஞ்சி தட்டிப் போட்டேன். குடித்தாள். பேசவில்லை.

பிப்ரவரி 18

கரடி! கேள்!

காலையில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பாவுக்குப் பதிலா இல்லம்மா. அப்பா பண்ணினதை யாராலும் பண்ண முடியாதுன்னுதான் கடையே மூடிப்போச்சு. அவர் இருந்த இடத்துல ஒரு அடையாளம் வெச்சிருக்கேன், பாரு" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். எறும்பு ஊர்வது மாதிரி இங்கிலீஷ் எழுத்து. அதில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

க. ர. டி.

வழி தெரிந்த அந்த ஆளுக்கு அவள் வைத்த பேர்!

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆட்கள் முன்னால் "என்னங்க"தானே சொல்லுவேன்? கதவைச் சாத்தினால்தானே கரடி?

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"கதவுன்னா அது கதவும்மா. கான்கிரீட் சுவரா? சின்ன வயசுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவர் உன்னை என்ன சொல்லுவார்னும் தெரியும். சொல்லட்டுமா?"

வாயைப் பொத்தினேன், அவள் வாயை. அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதே. இரண்டும்தான்.

பிப்ரவரி 21

ஒத்திகை. பட்டு சரியாகப் பட்டுக்குப் போயிற்று. அவசரம் வரிசையைத் தாண்டிப் போயிற்று. துவைக்கிறவர் ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தியும் அழுத்துகிறார், "முடிஞ்சது!" என்று கத்தியும் வைக்கிறார். "போனுக்குக் காது கேக்காதுங்க" என்றால், "பழக்கம்மா, விடுங்க" என்கிறார். விட்டுவிட்டோம்.

பிப்ரவரி 24

நான் ஒரு பிழை செய்தேன், அதனால் நல்லது நடந்தது.

முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்று தையல்காரரின் மூட்டையை அவர் கையில் கொடுத்து, "கொடுத்தாச்சு" அழுத்தினேன். அவர் போனதும் பழக்கத்தில் அம்பைத் தொட்டேன். பழைய பக்கமே வந்தது. சரியாக விழவில்லையோ என்று மறுபடி அழுத்தினேன். மறுபடி அம்பு, மறுபடி அழுத்தல். தெருமுனைக்குப் போன மனுஷன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"என்னங்க, மூட்டை குடுத்தாச்சு, குடுத்தாச்சுன்னு மெசேஜ் மேல மெசேஜ் வருது. கையில இருக்கிறது ஒண்ணுதானே? மீதியெல்லாம் எங்க?"

மகளிடம் சொன்னேன். உட்கார்ந்து சரி செய்தாள். "கொடுத்தாச்சுன்னா அந்த மூட்டை வந்த வழி முழுக்க எடுத்துடுவேன். அம்பைத் தொட்டாலும் பின்னால போகாது. நேரா முதல் பக்கம், அடுத்த மூட்டை."

"வந்த வழியே இருக்காதா?"

"முடிஞ்ச வேலைக்குத் திரும்பிப் போய் என்னம்மா பண்ணப்போறோம்?"

சரிதான். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல காற்று.

பிப்ரவரி 28

ஷட்டருக்கு எண்ணெய் விட்டோம். உன் நாற்காலியைத் துடைத்து, அதே இடத்தில் போட்டேன். யாரும் உட்காரவேண்டாம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாயாடி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும்.

மார்ச் 1

திறந்துவிட்டோம், கரடி.

முதல் ஆள் டாக்டர். கோட்டை மேஜையில் வைத்து, "இந்தத் தடவையாவது என் கோட்டு மீன் வாடை இல்லாம வருமா?" என்றார். பின்னாலேயே நின்ற மீன்கடைக்காரர், "டாக்டர், என் சட்டையில ஒரு வாரம் மருந்து வாடை. மீன் வாங்க வந்தவங்கல்லாம் இருமலுக்கு என்ன சாப்பிடலாம்னு கேட்டாங்க" என்றார். கடை அதிர்ந்தது.

கட்டடக்காரர் தன் வீட்டுத் திரைச்சீலைகளை அள்ளிக்கொண்டு வந்தார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இதை மட்டும் வெளுத்துக் குடுங்க" என்றார்.

ஒரு மூட்டைகூட வழி தவறவில்லை. நான் கறை எடுத்தேன், பொத்தானை அழுத்தினேன், போயிற்று. எங்கே போகும் என்று நான் கவலைப்படவே இல்லை. நீ இருந்தபோது இருந்த மாதிரி, கை மட்டும் வேலை செய்தது, மனசு லேசாக இருந்தது. நடுவில் உன் கண்றாவிப் பாட்டை வேறு முணுமுணுத்திருக்கிறேன். "அம்மா, சுருதி அப்படியே அப்பா" என்றாள் மகள். திட்டா பாராட்டா தெரியவில்லை.

கடைசி மூட்டையும் போனது. எல்லோரும் ஷட்டரை இறக்க வெளியே நின்றார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, என்னை அறியாமல், உன் நாற்காலியைப் பார்த்து, "முடிஞ்சது!" என்று கத்திவிட்டேன்.

அடுத்து எங்கே, கரடி?