பிலோமிக்குக் கஞ்சி ஊட்டும் விதம்

சேசு மரி சூசை

பெங்களூர்
9-7-1969

பிலோமியின் அப்பாவுக்கு இன்னாசியம்மாள் எழுதும் தோத்திரம். மாதா புண்ணியத்தில் நான் சுகம். கன்னியர் மடத்துச் சமையல் வேலையும் பழகிவிட்டது. உங்களுக்கு இருமல் நின்றதா?

பிள்ளை உங்கள் கையால் சாப்பிடவில்லை, வேலையை விட்டு உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் பையைக் கட்டிவிட்டேன். கூட வேலை செய்கிற மாரண்டஹள்ளி தீர்த்தம்மாள், "ஏங்க்கா, கஞ்சிக்கு அழுவறது புள்ளயா, உங்க வூட்டுக்காரரா?" என்று சிரித்தாள். கோபத்தில் கடிதத்தை மறுபடி பிரித்துப் படித்தேன். நேற்று உங்கள் விரலைக் கடித்துவிட்டாள் என்று கீழே எழுதியிருந்தீர்கள்.

வேற்று மனிதர் ஊட்டினால் பிலோமி வாயையே திறக்கமாட்டாள். இந்த எட்டு வருஷத்தில் அவள் கடித்தது என்னை மட்டும்தான். அவளைத் தூக்கவே பயந்தவர் நீங்கள்; இப்போது உங்களையும் கடித்திருக்கிறாள். ஆகையால் நான் இப்போது வரவில்லை. பையை அவிழ்த்துவிட்டேன்.

எதிரே உட்கார்ந்து ஊட்டாதீர்கள். கழுத்து நிற்காத பிள்ளை. மடியில் வைத்து, தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். அருள்நிறை மரியே செபத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஆமென் என்றதும் வாய் திறப்பாள். நடுவில் மறந்துபோனாலும் ஆமெனை விட்டுவிடாதீர்கள்.

மண்ணெண்ணெய் வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். உங்கள் தம்பி சவரி இங்கே வரும்போது பிலோமியின் பழைய கவுன் ஒன்று கொடுத்தனுப்புங்கள். அடுப்புத் துணிக்கு ஆகும். துவைக்க வேண்டாம், நான் துவைத்துக்கொள்கிறேன்.

பூசை மணி அடிக்கிறது.

இன்னாசியம்மாள்